வெயிலில் காய்ந்த குளிர்ச்சட்டை

வீட்டில் கோழி சமைத்தால் அக்காவுக்குக் கழுத்துத் துண்டுதான். "எனக்கு அதுதான் புடிக்கும்" என்பார். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஸ்பிரிங் உடைந்த இருக்கை ஒன்று இருந்தது. அக்கா அதில்தான் உட்காருவார். யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "பரவால்ல லா, எனக்கு இங்கதான் வசதி" என்று கையால் தடுத்துவிடுவார். தன்னால் யார் முகமும் வாடிவிடக் கூடாது என்பது அவருக்கு ஒரு வியாதி மாதிரி இருந்தது. எல்லோரும் அதை நல்ல குணம் என்றார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தஞ்சோங் காராங் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். கூடப் பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. தோட்டத்தை விற்ற பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பலர் போன இடம் அது. மீனையும் இறாலையும் பெட்டியில் அடைத்து, உறைய வைத்து, கப்பலில் அனுப்புவார்கள். பெட்டிகளை அடுக்கிவைக்கிற பெரிய குளிர் அறையை நாங்கள் ஐஸ் ரூம் என்போம். உள்ளே ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. கொஞ்ச நேரம் வேலை, பிறகு வெளியே வந்து ஓய்வு, மறுபடி உள்ளே. புருவத்தில் ஐஸ் வெள்ளையாகப் படிந்துவிடும்.

உள்ளே போக கம்பெனி தடித்த குளிர்ச்சட்டை கொடுத்திருந்தது. அதுதான் பிரச்சினையே. ஒரு தடவை உள்ளே போய் வந்தால் சட்டை முழுக்க ஈரமாகிவிடும். ஓய்வு முடிந்து மறுபடி போகும்போது அந்த ஈரச் சட்டையைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். நனைந்த சாக்கை முதுகில் போட்ட மாதிரி இருக்கும். சட்டைகளில் ஒன்றுக்கு ஜிப் அறுந்து போயிருந்தது. அதை யார் எடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே அக்கா மறுகையால் பெட்டி தூக்குவார்.

ஒரு நாள் அந்தச் சட்டையில் புது ஜிப் இருந்தது. அதோடு, சட்டை காய்ந்திருந்தது. சும்மா காயவில்லை, சுடச்சுட இருந்தது. அக்கா ஒன்றும் புரியாமல் அதைத் தடவிப் பார்த்தார். உடனே என்னிடம் நீட்டினார்.

"இது நல்லாயிருக்கு, நீ போட்டுக்க. எனக்கு வேற இருக்கு."

அப்போது வெளி முற்றத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அது அவங்களுக்குதான்!"

பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்டுகிற அண்ணன். அதிகம் பேசாத மனிதர். மனைவி இறந்து பல வருஷம். மகளைக் கோலா குபு பாருவில் கட்டிக் கொடுத்திருந்தார், மகன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அக்காவுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. சத்தம் போட்டுவிட்டு வெட்கத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். நாங்கள் ஓய்வுக்கு உட்காரும்போது அவர் அந்த ஒரு சட்டையை மட்டும் எடுத்துப் போய், போர்க்லிப்டின் பின்பக்கத்தில் விரிப்பார். கீழே எஞ்சின் சூடு, மேலே கோலசிலாங்கூர் வெயில். நாங்கள் கிளம்பும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அக்கா அதைப் போடுவதற்கு முன்னால் கழுத்துப் பட்டையில் ஒரு கணம் முகத்தை வைப்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு செய்வார். நான் பக்கத்து ஆணிக்காரி, தினமும் பார்ப்பேன்.

அந்த நாட்களில் அக்கா எங்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியம்மா படிக்கக் கொடுத்த நாவல். அட்டையில்லாத பழைய புத்தகம், ஏதோ வெள்ளைக்காரர் ஊர்க் கதையைத் தமிழில் எழுதியிருந்தார்கள். தடித்த புத்தகம் படிக்க எனக்கு ஓடாது. அக்கா வாயால் கேட்டதுதான். ஒரு மலை ஊர். பனிக்காலம். தனியாக ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. அந்த ஊருக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒரு மனிதர், தலை நரைத்தவர். பனி விழுந்து பாதையெல்லாம் மூடிவிடும். சாப்பாட்டு நேரத்தில் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

"பனின்னா எப்படிக்கா இருக்கும்?"

"நம்ம ஐஸ் ரூம்ல காத்தாடிகிட்ட வெள்ளையா கொட்டுமே, அதுதான். ஊரு முழுக்க அப்படி."

எங்கள் மேசையில் வாய் நீண்ட ஒருத்தி இருந்தாள். "அம்பது வயசுல காதலாம் லா! முழங்கால் வலிக்கு யாரு தைலம் தேய்க்கிறது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அக்கா மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார். "இவங்களுக்கு அவரு தேய்ப்பாரு. அவருக்கு இவங்க தேய்ப்பாங்க. அதுக்குத்தானே ரெண்டு பேரு."

பக்கத்து மேசையில் போர்க்லிப்ட் அண்ணன் தலையைக் குனிந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம். கதையில் ஒரு இடம் வந்தது. பனிப்புயலில் அந்த மனிதர் வந்து கதவைத் தட்டுகிறார். அந்த அம்மா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். திறந்தால் ஊர் என்ன சொல்லும்? அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. அக்கா கதையை நிறுத்திவிட்டார். மறுநாள் மேசையில் வேறு பேச்சு, அதற்கடுத்த நாளும் வேறு பேச்சு. கடைசியில் அந்த அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார்.

"அந்தம்மா கதவத் தொறந்துச்சா, இல்லியா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அக்கா எங்கே இருந்தார் என்று சொல்லிவிடுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், தம்பி வீட்டில். அம்மா சிறு வயதிலேயே போய்விட, தம்பியை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவர்தான். தம்பி படித்து முடிக்கட்டும் என்று ஒரு வரனைத் தள்ளினார், தம்பிக்கு வீடு அமையட்டும் என்று இன்னொன்றை. பிறகு வரன் வருவது நின்றுவிட்டது. அவருடைய வங்கி அட்டை தம்பி மனைவியிடம் இருந்தது. வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் அக்காதான் எல்லா வேலையும் செய்வார். ஆனால் நலங்கு வைக்க, விளக்கேற்றக் கூப்பிட மாட்டார்கள். கழுத்தில் தாலி இல்லாதவர் அல்லவா? அந்த நேரத்தில் அவர் தானாகவே அடுப்படிக்குப் போய்விடுவார், யாருக்கும் "நீ போ" என்று சொல்லும் சங்கடம் வரக் கூடாது என்று.

அந்த அண்ணன் என்னிடம்தான் முதலில் பேசினார். எனக்கு இந்த மாதிரி காரியங்கள் பேச வராது. பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அக்காவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"தம்பிகிட்ட கேக்கச் சொல்லு. அவன் சரின்னா எனக்கும் சரி."

"உங்களுக்கு என்ன தோணுதுக்கா?"

"வரச் சொல்லு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் நேராகப் போய் இன்ன விஷயம் என்று சொல்வதில்லை. கோயிலில் அந்த அண்ணன் தம்பியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம ஒரு நல்ல காரியமா வீட்டுக்கு வரலாம்னு இருக்கோம்" என்றார். அவ்வளவுதான். தம்பிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். வருபவருக்கு நல்ல வேலையில் ஒரு மகன். அவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கு இது அப்போது உறைக்கவில்லை. அந்த அண்ணனுக்கும் உறைக்கவில்லை.

மூன்று தட்டு கொண்டு போனோம். பழத்தட்டு ஒன்று, வெற்றிலை பாக்கு தேங்காய் ஒன்று, மூன்றாவதில் பூவும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் ஒரு கம்பளிச் சட்டை. கேமரன் மலைக்குப் போய் அவரே வாங்கி வந்தது, செங்கல் நிறம். "தட்டுல சட்டையெல்லாம் வைக்கிற வழக்கம் இல்லண்ணே" என்றேன். "இருக்கட்டும்மா, அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

வீட்டுக்குப் போனால் கூடம் முழுக்க அலங்காரம். வடை வாசம். தம்பி மனைவி பட்டுச் சேலையில் நின்றார். மகள் தலை நிறையப் பூவோடு வந்து எங்களைக் கும்பிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா பழைய நைட்டியில், மாவு கையோடு அடுப்படி வாசலில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு உடனே உள்ளே திரும்பிவிட்டார்.

தம்பி மனைவி கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"குளிர்ச்சட்டையா? மாப்பிள்ள வெளிநாடு போறாரா? லண்டனா?"

மகள் அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். கைப்பேசியில் படம் எடுத்தாள். "ஐயோ, கூல் லா! எனக்கு அளவா இருக்கு!"

அந்த அண்ணன் தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நான் என் மகனுக்காக வரலிங்க. எனக்காக வந்திருக்கேன். உங்க அக்காவ கேட்டு."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். "அத்தைக்கா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கம்பளிச் சட்டையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தம்பியின் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, இது உனக்குத் தெரியுமா?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒன்னும் தெரியாது தம்பி."

அந்த அண்ணன் அக்காவை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து கை கூப்பினார். "மன்னிச்சிடுங்க. அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் ஏதோ நெனச்சிக்கிட்டேன்." அவரும் அதே வியாதிக்காரர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. யார் முகத்தையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டோம். கொண்டு போன தட்டை எடுத்து வர முடியாதே, அதனால் தட்டுகள் அங்கேயே கிடந்தன.

மறுநாள் பஸ்ஸில் அக்கா தட்டுகளைத் துணியில் கட்டி எடுத்து வந்தார். வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்று தம்பி மனைவி ஒரு பொட்டலம் சீனி வைத்திருந்தாராம். பழங்களை எடுத்துக்கொண்டார்கள். கம்பளிச் சட்டை இருந்தது, அந்தப் பெண்ணின் செண்டு வாசத்தோடு.

"காலைலேயே தெரிஞ்சு போச்சு" என்றார் அக்கா. "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க, வடை சுடுங்கன்னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சு. எப்படிச் சொல்றது? எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அண்ணன் வராமயாவது இருந்திருப்பாரே."

"வந்தவங்க முன்னாடி என் தம்பி முகத்தப் பாத்தியா நீ?"

"அண்ணன் முகத்தப் பாத்தீங்களா?"

அக்கா தட்டு மூட்டையை என் மடியில் வைத்தார். "நீயே குடுத்துடு. நல்ல மனுசன்."

அந்த அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டார், சட்டையை வாங்கவில்லை. அதை ஐஸ் ரூம் வாசல் ஆணியில் மாட்டினேன். யார் யாரோ போட்டார்கள். கடைசியில் ஊர் திரும்பிய ஒரு நேபாளத் தொழிலாளி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது ஏதாவது ஒரு மலையில், நிஜமான பனியில் அது கிடக்கலாம்.

நான் ஒன்றை எதிர்பார்த்தேன். இனி அக்காவின் ஐஸ் ரூம் சட்டை ஈரமாகத்தான் இருக்கும் என்று. இல்லை. தினமும் காய்ந்துதான் இருந்தது. அந்த அண்ணன் எங்கள் மேசைப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார், பேச்சை நிறுத்திவிட்டார். சட்டையை வெயிலில் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அக்காவும் முகத்தை வைத்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். பார்க்கிற எனக்குத்தான் கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாது.

வாய் நீண்டவள் ஒரு நாள் கேட்டாள். "அந்தக் கதை என்னாச்சு? கதவத் தொறந்தாளா?"

"இல்ல. அவரு கொஞ்ச நேரம் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. பனி மூடிடுச்சு."

"சே, இதுக்கா இத்தன நாள் கேட்டோம்!"

பிறகொரு நாள் கிராணியம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "யாரு சொன்னது? அந்தம்மா கதவத் தொறந்திடுவாங்க. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த ரொட்டிக் கடையையே நடத்துவாங்க. நல்லா முடியிற கதைம்மா அது." இதை நான் எங்கள் மேசையில் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை சட்டை ஈரமாக இருந்தது. அக்கா அதை ஆணியிலிருந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முற்றத்தில் போர்க்லிப்டை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா?"

"மக வீட்டுக்குப் போயிட்டாராம்க்கா. கோலா குபு பாருவுக்கு."

"பரவால்ல" என்றார். ஈரச் சட்டையைப் போட்டு, புது ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எனக்கு முதுகு வலி வந்து வேலையை விட்டேன். அக்காவையும் வயதைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். தம்பி புஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கினார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, அது சரிவராமல் முறிந்து, திரும்பி வந்தாள். அவள் பிள்ளையையும் அக்காதான் தூக்கி வளர்த்தார். எப்போதாவது நான் பார்க்கப் போவேன். ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரே கேள்வி கேட்பார், துணி மடித்துக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ.

"கோலா குபு பக்கம் மழையா?"

எனக்கு அந்தப் பக்கம் சொந்தம் யாரும் இல்லை. அது அவருக்குத் தெரியும். பழைய தொழிற்சாலை ஆட்களின் வாட்சாப் குழுவில் அண்ணனைப் பற்றி ஏதாவது வரும். அதை வைத்து, "நல்ல மழையாம்க்கா" என்றோ, "இப்ப பரவால்லயாம்" என்றோ சொல்வேன். அந்த அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் மழையாகத்தான் எங்களுக்குள் இருந்தது.

இந்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் நல்லது கூடி வந்தது. புக்கிட் செந்தோசாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வருகிறார்கள், வா என்று அக்கா போன் செய்தார். மாப்பிள்ளை நாற்பதைத் தாண்டியவர். "வயசானா என்ன, ஒருத்தருக்கு ஒருத்தர் தொணை வேணுமில்ல" என்று தம்பி மனைவி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். முடி முழுக்க வெள்ளை. அந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டார் தட்டைக் காட்டிச் சொன்னாள். "அத்தை, பயப்படாத! இந்தத் தடவை எனக்குத்தான் வந்திருக்காங்க!"

வந்தவர்களுக்குப் புரியவில்லை. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டே பழைய கதையை எடுத்துச் சொன்னார். கம்பளிச் சட்டை, லண்டன் மாப்பிள்ளை எல்லாம் வந்தது. கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அவர் பாயசத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார். "கோலா குபு பக்கம் மழையா?"

சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். கூடத்தில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"அண்ணன் போயிட்டாருக்கா. போன வாரம். தூக்கத்துலயே."

கரண்டி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"மகன் வந்துட்டானா?"

"வந்துட்டான். அவன்தான் எல்லாம் செஞ்சான்."

"சரி."

அடுப்பை அணைத்தார். பாயசத்தை மூடி வைத்தார். பின்பக்கக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிய சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி, இன்னொரு வாளி. உறவில் சாவுச் சேதி கேட்டால் எங்கள் வீடுகளில் அப்படித்தான் குளிப்பார்கள்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் அடுப்படிக்கு வந்தாள். அக்கா ஈரத் தலையோடு, சேலை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன அத்தை இது? ஆளுங்க வந்திருக்கிறப்ப, யாரு செத்தாங்கன்னு தலைக்கு ஊத்துற?"

நான் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது, என்று நினைத்தேன்.

"யாரும் இல்லடா. வேர்த்துச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா அந்தப் பகல் வெக்கையில் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டு நின்றார், ஐஸ் ரூமிலிருந்து வெளியே வந்த மாதிரி. நான் பின்வாசலுக்குப் போய், கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவி வந்து தோளில் போட்டேன். வெயிலில் கிடந்த துண்டு, சுட்டது. அக்கா அதை இரண்டு கையாலும் இழுத்து, ஒரு கணம் அதில் முகத்தை வைத்தார்.

கூடத்திலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது.

"அண்ணி, பாயசம் எங்க?"

"இதோ" என்றார் அக்கா, முகத்தை எடுக்காமலே.